ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் உப்பு?

ராத்திரி மணியடித்துக்கொண்டு நம் தெருவுக்கு வரும் குல்ஃபி வண்டியின் பானைக்குள் எட்டிப் பாருங்கள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே கல்லுப்பு கிடக்கும். உப்பு பட்டதும் ஐஸ் உருகும். உருகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாது. குல்ஃபி கெட்டியாவது அந்தக் குளிரில்தான்.

பனி விழும் நாடுகளில் சாலைக்கு உப்பு தூவுவதும் இதே வித்தைதான். குல்ஃபிக்காரர் கைக்கணக்காகப் போட்டுவிடுவார். அங்கே சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று முடிவுசெய்த பிறகே லாரி கிளம்பும். அந்த எண் எங்கிருந்து வருகிறது?

மெரினாவில் ஒரு லிட்டர் கடல்நீரை மொண்டால் அதில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும் (மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும்). அந்த நீர் உறைவது மைனஸ் 2 டிகிரியை ஒட்டி. ஆக, சாலை மைனஸ் 2 வரை குளிரப்போகிறது என்றால், அதன் மேலுள்ள ஈரம் கடல்நீர் அளவுக்காவது கரிக்க வேண்டும். மைனஸ் 5 என்றால் லிட்டருக்கு 85 கிராமுக்கு மேல் வேண்டும்.

சரி, சாலையில் ஈரம் எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். தெளிந்த இரவில் படியும் உறைபனி மிக மெல்லியது. தாராளமாக 0.1 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அதாவது 100 கிராம் தண்ணீர். மைனஸ் 5 டிகிரியிலும் அதற்கு 9 கிராம் உப்பு போதும். பிரிட்டனில் உறைபனி இரவுகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிராம் தூவும் வழக்கம் இந்தக் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது.

பனிப்பொழிவு வேறு கதை. 5 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர். மைனஸ் 5 டிகிரியில் அதை முழுக்க உருக்க 400 கிராமுக்கு மேல் உப்பு கொட்ட வேண்டும். அப்படி யாரும் செய்வதில்லை. 20 முதல் 40 கிராம் வரைதான் தூவுகிறார்கள், அதுவும் பனி விழுவதற்கு முன்பே. தாருக்கும் பனிக்கும் இடையே மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்தால் பனி சாலையைக் கவ்விப் பிடிக்காது. பிறகு வரும் வண்டி அதை வழித்துத் தள்ளிவிடும். கவ்விய பிறகு பெயர்ப்பதற்குப் பல மடங்கு உப்பு பிடிக்கும்.

இங்கே பார்க்க வேண்டியது காற்றின் வெப்பநிலையை அல்ல, சாலையின் வெப்பநிலையை. அதற்காகச் சாலையிலேயே உணரிகளைப் பதித்திருப்பார்கள். நம் ஜெமினி மேம்பாலம் லண்டனில் இருந்தால், கீழே மண்ணின் கதகதப்போடு கிடக்கும் சாலையை விட, அடியிலும் காற்று வீசும் பாலம்தான் முதலில் உறையும்.

குளிர் மிகுந்தால் உப்பும் தோற்கும். 100 கிராம் கரைசலில் 23 கிராம் உப்பு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை தாங்கும் என்பது ஆய்வகக் கணக்கு. சாலையில் மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போதே வேலை மிகவும் மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடைக் கலப்பார்கள், அல்லது பிடிமானத்துக்கு மணல் தூவுவார்கள்.

காய்ந்த உப்பு தரையில் பட்டுத் துள்ளி ஓரத்துக்கு ஓடிவிடும், மிச்சத்தை டயர்கள் சிதறடிக்கும். அதனால் தூவும்போதே உப்புநீரில் நனைத்துவிடுகிறார்கள். 70 பங்கு உப்புக்கு 30 பங்கு உப்புநீர் என்பது பல இடங்களில் வழக்கம். ஒட்டிக்கொள்வதால் குறைந்த உப்பே போதுமானதாகிறது.

ஒவ்வொரு கிராமுக்கும் இவ்வளவு பார்க்கக் காரணம் உண்டு. குளோரைடை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. தூவியதெல்லாம் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போகும், போகிற வழியில் பாலத்துக் கம்பிகளை அரிக்கும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் புகுந்து கிணறுகள் கரித்துப்போனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே லாரியை அனுப்பும் முன் இன்னொன்றையும் பார்க்கிறார்கள்: நேற்றுத் தூவியதில் சாலையில் எவ்வளவு மிச்சம்? இடையில் மழை கழுவாமல் போதிய உப்பு கிடந்தால், அன்றைக்கு லாரி கிளம்பாது.