கரும்புக்காட்டுப் படமும் நீல அச்சும்

பழைய கரும்புத்தோட்டப் படத்தைப் பெரிதாக்கி நீல அச்சாக எடுக்கப் போகிறீர்களா? படத்தின் முகத்தைப் பார்க்குமுன் முதுகைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் எடுத்த பழைய வேலைப் படங்களின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம், பென்சிலில் தோட்டத்தின் பெயர் இருக்கலாம், சிலவற்றில் வெறும் ஓர் எண். அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயரும் தகப்பன் பெயரும் வயதும் ஊரும் இருக்கும். ஆகவே பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, முன்பக்கக் கோப்போடு சேர்த்தே வையுங்கள். பென்சில் மங்கியிருந்தால் விளக்கை மேசையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். எழுதிய அழுத்தம் நிழலாகத் தெரியும்.

சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது. கடற்கரை ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே வைத்துக் கேமராவில் எடுங்கள், இருபுறமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு. கருத்த பகுதிகளில் வெள்ளி மினுமினுத்தால் விளக்குகளுக்கும் லென்ஸுக்கும் பளபளப்பை அடக்கும் போலரைசிங் ஃபில்டர் போட வேண்டும்.

6 × 9 செ.மீ. படத்தை 40 × 60 ஆக்க, 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) அச்சுக்கு 2000 டிபிஐ ஸ்கேன் வேண்டும் என்று கணக்கு சொல்லும். கணக்கில் பிழையில்லை. ஆனால் காகிதப் பிரதியில் அவ்வளவு விவரம் அரிது. 1200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காகித நார்தான் பெரிதாகும். 20 × 30-ல் நிறுத்துங்கள், 1000 டிபிஐ போதும். இந்த இடத்தில்தான் ஏஐ மென்பொருள் ஆசை காட்டும். அது இல்லாத விரலைச் சேர்க்கும், கரும்பு வெட்டும் கத்தியைத் தடியாக்கும். பார்ப்பவர் தன் கொள்ளுப்பாட்டன் கையில் இருந்தது என்ன என்று தேடித்தான் வருகிறார்.

வண்ணம் ஏற்றுவதும் இதே வம்புதான். 1920-க்கு முந்தைய பெரும்பாலான பிளேட்டுகளுக்கு, அதாவது படம் பதியும் கண்ணாடித் தகடுகளுக்கு, சிவப்பு தெரியாது. சாதாரண பிளேட்டுக்கு மஞ்சளும் சரியாகத் தெரியாது. குங்குமம் கறுப்பாகவும், மஞ்சள் தோய்த்த சேலை இருண்டும் விழும். வானம் வெளிறிப்போகும். தோலும் உள்ளதைவிடக் கறுத்தே பதியும். மென்பொருள் அந்த இருட்டைப் பார்த்துச் சேலைக்குப் பழுப்போ நீலமோ பூசிவிடும். ஒரே நிறத்தில் அச்சிடுவது நேர்மையானது. அதற்கு, வெயிலில் நீலமாக அச்சாகும் சயனோடைப் கைக்கு அடக்கமான முறை.

ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறு 100 மி.லி. நீரிலும் கரைத்துத் தனித்தனிப் பாட்டில்களில் வையுங்கள். கையுறை கட்டாயம், இரண்டாவதன் பக்கத்தில் அமிலம் எதுவும் வரக்கூடாது. பூசும்போது மட்டும் சம அளவு கலக்க வேண்டும். தூரிகையில் ஏ4 தாளுக்குச் சுமார் 4 மி.லி. ஆகும். மங்கிய வெளிச்சத்தில் பூசி, இருட்டில் மின்விசிறியில் காயவிட்டு அன்றே பயன்படுத்துங்கள். டர்பன் கோடையில் பூசிய தாளை மறுநாளுக்கு வைத்தால் ஈரமே அதைக் கெடுக்கும். வெள்ளை வரவேண்டிய இடமெல்லாம் நீலம் படரும்.

நெகட்டிவை ஒளிபுகும் ஃபிலிமில் இங்க்ஜெட்டில் எடுக்கலாம். மை படிந்த பக்கம் தாளைத் தொட வேண்டும். அதற்காகக் கோப்பை இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். மறந்தால் வெட்டுக்காரர் இடதுகைக்காரர் ஆவார், டிராம் வண்டி எண் இடவலம் மாறிவிடும். எழுத்தே இல்லாத படமா? சர்தாரின் (கூலிகளை மேய்க்கும் மேற்பார்வையாளர்) கோட்டுப் பொத்தான்களைப் பாருங்கள்: ஆண் கோட்டில் பொத்தான் அவருடைய வலப்பக்கம் இருக்கும்.

முண்டாசின் நிழலில் இருக்கும் முகங்கள்தான் முதலில் பலியாகும். நீலக் கட்டியாகிக் கண்ணே தெரியாது. நெகட்டிவ் எடுக்குமுன் படத்திருத்த மென்பொருளின் கர்வ்ஸில் நிழல்களை மட்டும் உயர்த்துங்கள். மொத்தப் படத்தையும் வெளுக்காதீர்கள். பிறகு ஒரு சோதனைப் பட்டை: உச்சி வெயிலில் 4, 8, 12, 16 நிமிடம். படத்தின் கருத்த பகுதி நீலத்தைத் தாண்டிச் சாம்பல் வெண்கலமாக மாறுவதே அடையாளம். எஞ்சிய ரசாயனத்தின் மஞ்சள் முழுவதும் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். நீலம் ஒரு நாளில் இன்னும் ஆழமாகும்.

துணியில் செய்வதானால் புதுப் பருத்தியின் கஞ்சியை முதலில் போக்குங்கள். அச்சான துணியைச் சோப்புத்தூளிலோ சோடாவிலோ துவைத்தால் நீலம் மஞ்சளாகிவிடும். காரம் கலந்த ஆவண அட்டையில் ஒட்டினாலும் மெல்ல அதே கதிதான்.

உரிமை பற்றி ஒரு சொல். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டு 98-ஆம் சட்டப்படி படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. எடுத்து 50 ஆண்டுக்குள் வெளிவராத படத்துக்கு, எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து கணக்கு. காலம் கடந்த படமானாலும், காப்பகம் கொடுத்த பிரதிக்கு அவர்கள் போடும் நிபந்தனை தனி. கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

சுவரில் மாட்டிய அச்சு வெயிலில் வெளிறினால் பதற வேண்டாம். சில நாள் இருட்டு அலமாரியில் வையுங்கள், நீலம் பெருமளவு திரும்பிவிடும்.