நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி வரும் ஆண்கள்

இதய மருத்துவர் அனுப்பிவைத்த இன்னொருவர் கடந்த வாரம் எங்கள் மனநலப் பிரிவுக்கு வந்தார். கையில் தடித்த ஃபைல்; ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாமே நார்மல். "நெஞ்சுல என்னவோ அடைக்குது டாக்டர், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. மற்ற கேள்விகளுக்கெல்லாம் மனைவியே பதில் சொன்னார். மனைவியைச் சற்று வெளியே அமரச் சொன்ன பிறகுதான், தொழிலில் விழுந்த நட்டமும் வட்டிக்கு வாங்கிய பணமும் பல மாதங்களாக வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது வெளிவந்தது. சொல்லி முடித்ததும் அவர் கேட்டுக்கொண்டது, "வீட்ல தெரிய வேணாம்" என்பதுதான்.

"அவர் எதையும் மனசுக்குள்ளேயே வச்சுக்குவார், கல்லு மாதிரி" என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இது ஆணின் பிறவிக்குணம் அன்று. மூன்று வயதுப் பையனும் அந்த வயதுப் பெண் குழந்தையைப் போலவே தேம்பி அழுகிறான். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று வீடும் பள்ளியும் தெருவும் ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்த வழியை அடைத்துவிடுகின்றன. கோபத்தை மட்டும் யாரும் தடுப்பதில்லை. ஆகவே ஆண்களின் மனச்சோர்வு பெரும்பாலும் எரிச்சலாகவும், குடியாகவும், உடல்வலியாகவும் வெளிப்படுகிறது; குடும்பமோ "குணம் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். கல்லாக இருந்திருந்தால் இத்தனை பேர் இறந்திருக்க மாட்டார்கள்.

குடித்தால் மனம் லேசாகும் என்பதை நம்பாதீர்கள். மது பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் சோர்வைக் கூட்டுகிறது. விபரீத எண்ணம் உள்ளவரிடம் இருக்கும் கொஞ்சநஞ்சத் தயக்கத்தையும் அகற்றிவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்களே, நாலு பேர் முன்னால் வைத்து அவரை விசாரிக்காதீர்கள். எதிரே உட்காரவைத்துக் கேட்பதைவிட, சேர்ந்து நடக்கும்போது கேட்டால் பலர் எளிதாகப் பேசுகிறார்கள். பேசத் தொடங்கியதும் "இதுக்கெல்லாமா கவலைப்படுவாங்க" என்று குறுக்கே பாயாமல் முழுவதும் கேளுங்கள். "நான் இல்லேன்னா நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எங்கள்மீது சுமத்தியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்று அந்தச் சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர அது எங்கள் அறையைத் தாண்டாது. மனம் சரியில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வாருங்கள்; மீதியை நாங்கள் மெதுவாகக் கேட்டுக்கொள்கிறோம்.