தூரை விட்டுக் கிள்ளுகிறவர்கள்

பவளப் பாறைக் கணக்கெடுப்புக்காக முதல் தடவை பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் கரைக்குப் போனபோது படிவம், கயிறு, நீருக்கடியில் எழுதும் பலகை எல்லாம் கையில் இருந்தன. என்றைக்குப் போகவேண்டும் என்பதுதான் தெரியவில்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "இன்னைக்கு அட்டமி தம்பி, தண்ணி வத்தாது. அமாவாசைக்கு வாங்க" என்றார். போனேன். முந்தைய வாரம் மூழ்கிக் கிடந்த பாறை முழங்கால் தண்ணீரில் தெரிந்தது.

பாம்பன், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் கடற்பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள். ஆக்சிஜன் எதுவும் கிடையாது. மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கையால் எடுக்கிறார்கள். "பாசி எடுத்து எடுத்தே பவளத்தை அழிச்சுட்டாங்க" என்று கூட்டங்களில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரிக்கொழுந்து செத்த பவளப் பாறைமேல் ஒட்டி வளர்வது. தூர் மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும். இரும்பு வைத்துச் சுரண்டினால் தூரும் போகும், பாறையும் பெயரும். அதனால்தான் சுரண்டக்கூடாது, மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 45 நாள் கடலுக்கே போவதில்லை என்று இவர்களே பேசி முடிவெடுத்தார்கள். வருமானம் நிற்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. இதில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது.

பவளத்தை உண்மையில் தின்றவை வேறு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. விசைப்படகுகள் கரையை ஒட்டி மடி (கடலடியில் இழுக்கும் பெரிய வலை) இழுக்கக்கூடாது என்று 1983 முதல் சட்டம் இருக்கிறது. இழுவை மடி அடிமண்ணோடு வாரிக்கொண்டு போவதை நாட்டுப்படகுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கோபமாகவே சொல்வார்கள்.

அப்புறம் 'பெப்சிப் பாசி'. கப்பாபைகஸ் என்ற இந்த வெளிநாட்டுப் பாசியைப் பெரிய அளவில் வளர்க்கத் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே ஊர் வழக்கில் அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு துண்டு பிய்ந்து மிதந்தாலும் போதும், போய் ஒட்டிய இடத்தில் வளரும். குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மாற்றுத் தொழில் என்று சொல்லி வந்ததுதான் இதுவும்!

இந்தக் கரைக்குக் கணக்கெடுக்க வரும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வத்தத்தில், அதாவது கடல் வற்றியிருக்கும் நேரத்தில், பாறைமேல் ஏறி நடக்காதீர்கள். கருவியை இறக்கும் முன் கரையில் இருக்கும் அக்காக்களிடம் எந்தப் பாறையில் போன வருடம் பாசி குறைந்தது என்று விசாரியுங்கள். பாறை பாறையாகப் பெயர் சொல்வார்கள். நான் படிவத்தில் இப்போது தேதிக்குப் பக்கத்தில் திதியும் எழுதுகிறேன்.