கண் பார்க்கும், மூளை பார்க்காது

வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசக் கூடாது என்றால், பலரும் காதில் மாட்டிய கருவியைக் காட்டுகிறார்கள். கை இரண்டும் ஸ்டீயரிங்கில், கண் சாலையில், பிறகென்ன? பல நாடுகளின் சட்டமும் இந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொண்டு, கையில் பிடித்துப் பேசுபவருக்கு மட்டும் அபராதம் விதிக்கிறது. என் பார்வையில் இது தவறான இடத்தில் போட்ட பூட்டு.

1997-இல் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், கனடாவின் டொரன்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசும் வேளையில் மோதும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை.

காரணம் கவனத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரின் ஆய்வுக் குழு, சிமுலேட்டரில் (சாலையில் ஓட்டுவது போன்ற அனுபவம் தரும் பயிற்சிக் கருவியில்) ஓட்டியவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தது. கைபேசியில் பேசியவர்களின் பார்வை சாலையோர விளம்பரப் பலகைகள்மீது விழுந்தது உண்மை. பிறகு கேட்டபோது, தாங்கள் நேராகப் பார்த்தவற்றைக்கூட அவர்களால் சரியாக அடையாளம் காண முடியவில்லை. ஒளி விழித்திரை வரை வந்தது. அதைப் பொருட்படுத்த வேண்டிய மூளை உரையாடலில் இருந்தது. 2008-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், சிமுலேட்டரில் ஓட்டியவர்களை, ஓட்டிக்கொண்டே வாக்கியங்களைக் காதால் கேட்டு அவை சரியா தவறா என்று முடிவுசெய்யச் சொன்னபோது, ஓட்டுதலோடு தொடர்புடைய மூளையின் பக்கவாட்டுப் பகுதியின் செயல்பாடு 37 சதவீதம் குறைந்தது. அவர்கள் வாய் திறந்து பேசக்கூட இல்லை.

பேசுபவருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். பழகிய சாலையில் வண்டியை நேராகச் செலுத்துவது கைப்பழக்கமாகிவிட்ட வேலை. பேச்சு அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. எதிர்பாராமல் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதித்தால், பிரேக்கில் கால் படுவதற்குள் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போய்விடும்.

அப்படியானால் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது? அதுவும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. ஆனாலும் அவர் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார், சில நேரம் "பார்த்து" என்று எச்சரிக்கவும் செய்கிறார். அழைப்பின் மறுமுனையில் இருப்பவருக்கோ எதுவும் தெரியாது. ஓட்டுநர் இரண்டு நொடி மௌனமானால், "ஹலோ, கேட்கிறதா?" என்று இன்னும் உரக்கக் கேட்பார்.

அழைப்பைத் துண்டித்த அந்தக் கணமே கவனம் முழுதாகத் திரும்பிவிடும் என்றும் நம்ப வேண்டாம். குரல் கட்டளையில் இயங்கும் கருவிகளை ஆராய்ந்து அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஆய்வொன்றில், வேலை முடிந்த பிறகும் சிதறல் 27 நொடிகள் வரை நீடித்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 450 மீட்டர்.