சொல் விளக்கம்: சமச்சீர் மறையாக்கம்

சமச்சீர் மறையாக்கம்: ஒரு தரவைப் பிறர் படிக்க முடியாதபடி ஒரு திறவுகோலால் மாற்றி, அதே திறவுகோலால் மீட்டெடுக்கும் முறை. பேச்சில் 'சிமெட்ரிக் என்க்ரிப்ஷன்'.

என்க்ரிப்ஷன் என்ற சொல்லின் வேர் 'கிரிப்டோஸ்' என்னும் கிரேக்கச் சொல். ஒளித்து வைக்கப்பட்டது என்று பொருள். தமிழில் அதற்கு நேராக நிற்பது 'மறை'. வினையானால் ஒளித்தல், பெயரானால் இரகசியம். கயவரை அறையப்படும் பறைக்கு ஒப்பிடும் குறளில் (1076) 'கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்கலான்' என்று வரும் மறை, வெளியே விடக்கூடாத இரகசியம்தான். அந்தப் பொருளோடு 'ஆக்கம்' சேர்ந்தால் மறையாக்கம். திருப்பி எடுப்பது மறைநீக்கம்.

பலர் இதற்குக் 'குறியாக்கம்' என்றே எழுதுகிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும். குறி என்பது அடையாளம். ஒன்றை வேறு அடையாளங்களால் எழுதுவது குறியாக்கம், அதாவது என்கோடிங். அதில் இரகசியம் ஏதும் இல்லை. அட்டவணை கையில் இருந்தால் யாரும் திருப்பிவிடலாம். நிரல் எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்களும் அடுத்தடுத்த வரிகளில் தேவைப்படும் என்பதால், இரண்டையும் ஒன்றாக்கினால் விளக்கவே முடியாமல் போகும்.

பைத்தான் நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லை மறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பரவலான சமச்சீர் மறையாக்க முறையான ஏஇஎஸ்ஸுக்கு (AES) எழுத்து தெரியாது, பைட்டு மட்டுமே தெரியும். எனவே முதலில் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 15 பைட்டு. அடுத்தது மறையாக்கம். 'கிரிப்டோகிராஃபி' நூலகத்தின் ஏஇஎஸ்-ஜிசிஎம் (ஜிசிஎம் என்பது ஏஇஎஸ்ஸை இயக்கும் ஒரு முறை) வகுப்பிடம் இந்த 15 பைட்டைக் கொடுத்தால் 31 பைட்டு திரும்பி வரும்: மறைத்த உரை 15, அதன் வாலில், உரை மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு முத்திரை 16. இதற்குப் பயன்படுத்திய 12 பைட்டு நான்ஸை (ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகக் கொடுக்கும் எண்) நூலகம் சேர்த்துத் தராது. நாமே முன்னால் ஒட்டிவைக்க வேண்டும். மொத்தம் 43. அதை ஒரு உரைப்பெட்டி வழியாக அனுப்ப வேண்டுமானால் பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளால் எழுதும் பேஸ்64 ஆக்குகிறோம், 60 எழுத்து வரும். இது மறுபடியும் குறியாக்கம்.

பேஸ்64 வரி பார்க்க உளறல் போல இருப்பதால், அதுவே மறையாக்கம் என்று நம்பிக் கடவுச்சொற்களை அப்படியே சேமிக்கும் நிரல்கள் உண்டு. கண்ணுக்குப் புரியாதது எல்லாம் மறைவானது ஆகாது. இந்தக் குழப்பத்தைச் சொல்லளவிலேயே தடுக்கலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

'சமச்சீர்' என்பது சிமெட்ரிக்கின் நேர் பெயர்ப்பு. கிரேக்கத்தில் 'ஒத்த அளவு'. வடிவக் கணிதத்திலிருந்து வந்த இந்த அடைமொழி, எது ஒத்திருக்கிறது என்பதைப் புதியவருக்குச் சொல்வதில்லை. 'ஒருதிறவுகோல் மறையாக்கம்' என்றால் உடனே விளங்கும். ஆனாலும் 'சமச்சீர்' பரவிவிட்டது, நாமும் அதையே வைத்துக்கொள்கிறோம்.

'சைபர்' என்ற சொல்லையும் இங்கே பிரித்துவிடலாம். அரபியில் 'ஸிஃப்ர்' என்றால் வெறுமை, பூச்சியம். அது லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் மறைமுறை என்ற பொருளையும் ஏற்றது. பூச்சியத்தைச் சைபர் என்று நாம் சொல்வதும் அதே சொல்தான். 'சைபர் குற்றம்' என்பதில் உள்ள சைபரோ மாலுமியைக் குறிக்கும் வேறொரு கிரேக்க வேர். தமிழில் எழுதும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

திறவுகோல், திறக்கும் கோல், தமிழ்ச்சொல். சாவி போர்த்துகீசியம் தந்தது. எதைச் சொன்னாலும் சரி, கடவுச்சொல்லை மட்டும் அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. ஏஇஎஸ் திறவுகோல் 16, 24 அல்லது 32 பைட்டு தற்செயல் தரவு. இயங்குதளத்தின் 'யுரேண்டம்' போன்ற மூலத்திலிருந்து எடுக்க வேண்டும். சாதாரண 'ரேண்டம்' தொகுதி கூடாது, அதன் வெளியீட்டைக் கணித்துவிட முடியும். 32 எழுத்து என்று எண்ணித் தமிழில் ஒரு தொடரைக் கொடுத்தால் பைட்டுக் கணக்கு மும்மடங்காகிப் பிழை வரும். இடைவெளிகளைச் சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டினால் பிழை வராது, பாதுகாப்பும் இராது. கடவுச்சொல்தான் இருக்கிறது என்றால் 16 பைட்டு உப்பு (தற்செயல் தரவு) சேர்த்து, கடவுச்சொல்லைத் திறவுகோலாக்கும் முறைகளான ஆர்கான்2 அல்லது 6,00,000 சுற்றுகளுடன் பிபிகேடிஎஃப்2 வழியாகத் திறவுகோலை வருவிக்க வேண்டும். உப்பு இரகசியம் அல்ல. மறைத்த உரையோடு சேர்த்தே வைக்கலாம்.

நான்ஸ். இதைத் 'தற்செயல் எண்' என்று பெயர்ப்பவர்கள் அதன் உயிரை விட்டுவிடுகிறார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 'இந்த ஒரு தடவைக்கு' என்ற தொடரைத் தவறாகப் பிரித்ததில் பிறந்த சொல் அது. 'ஒருமுறை எண்' என்பதே பொருத்தம், ஏனென்றால் நிபந்தனையே அதுதான்: ஒரே திறவுகோலோடு ஒரே நான்ஸ் இரண்டாம் தடவை வரக் கூடாது. ஒன்று ஒன்றாக ஏறும் எண்ணிக்கைகூடப் போதும். தற்செயலாக எடுத்தால், ஒரு திறவுகோலில் ஏறத்தாழ 429 கோடி செய்திகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்? ஜிசிஎம் முறையில் திறவுகோலும் நான்ஸும் சேர்ந்து ஒரு பிட் ஓடையை உருவாக்குகின்றன. உரை அதனோடு எக்ஸ்ஆர் (XOR: இரண்டு பிட்டும் ஒத்தால் 0, வேறானால் 1) செய்யப்படுகிறது. இரண்டு செய்திகளுக்கு ஒரே ஓடை என்றால், இரண்டு மறைத்த உரைகளையும் எக்ஸ்ஆர் செய்தவுடன் ஓடை கழிந்துபோய் இரண்டு மூலங்களின் எக்ஸ்ஆர் எஞ்சும். ஒன்றை ஊகித்தால் மற்றது தானே விழும். அதைவிட மோசம், முத்திரையின் உள்திறவுகோலும் கசிந்து, போலிச் செய்திக்கு முத்திரையிட முடிகிறது. சோதனைக்காக 12 பூச்சியங்களை நான்ஸாக எழுதி, பிறகு மாற்ற மறப்பதே இந்தப் பிழையின் வழக்கமான வழி. நிரல் ஓடும், மறைநீக்கமும் சரியாகவே நடக்கும். அதனால் யாருக்கும் தெரியவராது.

ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மறைக்கும் இசிபி முறையைத் தொடவே வேண்டாம். ஒரே 16 பைட்டுத் துண்டு எத்தனை முறை வந்தாலும் ஒரே மாதிரி மறையும். உரையின் அமைப்பு வெளியே தெரிந்துவிடும்.

'சைஃபர்டெக்ஸ்ட்' என்பதற்கு 'மறையுரை' எனலாமே என்று தோன்றும். கத்தோலிக்கர் வழக்கில் அது திருப்பலியில் ஆற்றும் உரை, எனவே 'மறைத்த உரை' போதும்.

மறைநீக்கத்தில் 'இன்வேலிட்டேக்' என்ற பிழையோடு நிரல் நின்றால் முத்திரை பொருந்தவில்லை என்று பொருள். திறவுகோல் மாறியதா, நான்ஸ் மாறியதா, ஒரு பிட் சிதைந்ததா என்று அது சொல்லாது. முதலில் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 43 வர வேண்டும். 60 வந்தால் பேஸ்64 குறியாக்கத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. 31 வந்தால் நான்ஸை ஒட்ட மறந்திருக்கிறீர்கள்.