நோட்: சுரமா, கட்டையா?

இசை வாசிக்கும் கணினி நிரலில் 'நோட்' என்பது ஓர் எண். 0 முதல் 127 வரை உள்ள எண்களில் ஏதாவது ஒன்று. 60 என்றால் பியானோவின் நடு சி. 69 என்றால் அதற்கு மேலே உள்ள ஏ, அதாவது நொடிக்கு 440 அதிர்வு. மேசைக்கணினியில் ஓடும் ஒரு செயலி பாட்டு வாசிக்க வேண்டுமானால் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் அனுப்புகிறது. இதற்குத் தமிழில் என்ன பெயர்? அகராதியில் தேடினால் சுரம், இசைக்குறி, தொனி என்று கிடைக்கும். நிரல் எழுதுகிறவருக்கு இந்த மூன்றும் கை கொடுப்பதில்லை. கை கொடுக்கும் சொல்லைப் பாட்டுக்காரர்கள் தினமும் சொல்கிறார்கள்: கட்டை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நோட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'நோட்டா'. அடையாளம், குறி என்று பொருள். தாளில் இசைக்குப் போட்ட புள்ளியைத்தான் முதலில் நோட் என்றார்கள். பிறகு அந்தப் புள்ளி குறிக்கும் ஒலிக்கும் அதே பெயர் வந்தது. தமிழுக்கு இந்தச் சொல் பல வாசல் வழியாக வந்திருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு, பத்து வெள்ளி நோட்டு எல்லாம் நாம் அறிந்தவை. இசைக்குள்ளும் அது நெடுநாள் முன்பே நுழைந்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தவர். ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய பாடல்களை நோட்டுஸ்வரம் என்கிறோம். மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் பாடிப் பெயர் பெற்ற 'இங்கிலீஷ் நோட்' இன்னொன்று. இங்கெல்லாம் நோட்டு என்றால் ஒரு முழு மெட்டு. தனி ஒலிக்கு அந்தப் பெயர் நம்மிடம் நிலைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு நம்மிடம் வேறு பெயர்கள் இருந்தன.

சிலப்பதிகாரம் ஏழு இசைகளைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. தேவாரத்தில் வரும் 'ஏழிசை' என்பதில் இசை என்றாலே ஒரு தனி ஒலி. இவற்றைவிட எனக்குப் பிடித்தது 'நரம்பு'. பழைய இசைத் தமிழில் யாழில் கட்டிய நரம்புக்கும், அதிலிருந்து எழும் ஒலிக்கும் இந்த ஒரே பெயர்தான். விரல் தொடுகிற பொருளின் பெயரை ஒலிக்கும் வைப்பது தமிழில் அன்றே இருந்த வழக்கம். கட்டைக்கு வரும்போது இது உதவும். சுரம் வடமொழி ஸ்வரத்தின் தமிழ் வடிவம். பாலை நிலத்து வழிக்கும் காய்ச்சலுக்கும்கூடத் தமிழில் சுரம் என்று பெயர் உண்டு. இசை பற்றிப் பேசும்போது குழப்பம் வராது.

சரி, நிரல் பக்கம் வருவோம்.

நிரலிலிருந்து ஒலி எழுப்ப எளிய வழி, அதிர்வெண்ணை நேரடியாகச் சொல்லிவிடுவது. சி ஷார்ப் மொழியில் 'கன்சோல் பீப்' என்ற கட்டளைக்கு அதிர்வெண், மில்லிநொடி என இரண்டு எண்கள் கொடுத்தால் போதும். 440, 500 என்றால் அரை நொடிக்கு ஏ கேட்கும். பைத்தானில் 'வின்சவுண்ட்' இதே வேலையைச் செய்யும். ஆனால் இந்தக் கட்டளை முழு எண்ணைத்தான் ஏற்கும். நடு சி 261.63 அதிர்வு, அதை 262 என்று எழுத வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான் வரும். அது முடியும்வரை நிரலின் அடுத்த வரி காத்திருக்கும். மணி அடிக்க இது போதும், பாட்டுக்குப் போதாது.

பாட்டுக்கு மிடி வேண்டும். இசைக்கருவிகள் தங்களுக்குள் எண்களால் பேசிக்கொள்ளும் முறை இது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் இதற்கு முன்நின்றவர்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் அழுத்தினால் மற்றதும் சேர்ந்து ஒலித்தது. 2013இல் இருவருக்கும் இதற்காகத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. தமிழில் மிடி என்றால் வறுமை என்று ஒரு பழைய பொருள் உண்டு. ஆனாலும் இது ஆங்கிலத் தலைப்பெழுத்துகளால் ஆன பெயர், அப்படியே எழுதுவதுதான் நல்லது.

இதில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. யமஹாவின் சில்லு ஒன்று அதில் இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல் ஒலிக்கும். விளையாட்டுக் கருவியைச் செருகும் துளையிலேயே மிடி கம்பியையும் இணைக்கலாம். அதுவரை பீப் மட்டும் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக் கணினிகள் உலகம் முழுக்கப் பாடத் தொடங்கியதில் இந்த ஊர் அட்டைக்குப் பெரிய இடம் உண்டு. சிம் 2023 ஜனவரியில் மறைந்தார். இங்கே கணினி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மிடி செய்தி ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால்தான் சொல் சிக்கல் புரியும். 144, 60, 100. இவ்வளவுதான் ஒரு செய்தி. 144 என்பது 'நோட் ஆன்', முதல் சேனலில் (ஒரு வாத்தியத்துக்கு ஒரு வழி என்று பிரித்தது). 60 எந்த நோட் என்பது. 100 எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பது, காதுக்கு அது சத்த அளவாகக் கேட்கும். நிறுத்த 128, 60, 0. விண்டோஸில் 'மிடி அவுட் ஷார்ட் மெசேஜ்' என்ற கட்டளைக்கு இந்த மூன்றையும் ஒரே எண்ணாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதை 256ஆலும் மூன்றாவதை 65536ஆலும் பெருக்கி, முதல் எண்ணோடு கூட்டினால் 6569104. இதை அனுப்பினால் விண்டோஸோடு வரும் ஒலிப்பான் நடு சி வாசிக்கும்.

இதில் எத்தனை நொடி என்ற தகவலே இல்லை. தாளில் எழுதிய நோட்டுக்கு நீளம் உண்டு, தாளத்தில் பாடும் சுரத்துக்கும் நீளம் உண்டு. மிடி நோட்டுக்குக் கிடையாது. அழுத்து என்று ஒரு செய்தி, விடு என்று ஒரு செய்தி, நடுவில் எவ்வளவு காத்திருப்பது என்பது நிரலின் பாடு. ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விடு என்ற செய்தியை அனுப்ப மறந்துவிட்டால், செயலியை மூடும்வரை அந்த ஒலி இழுத்துக்கொண்டே இருக்கும். ஆக, மிடியில் நோட் என்பது ஒரு விரல் ஒரு சாவியை அழுத்தியது, பிறகு எடுத்தது என்ற சேதி மட்டுமே.

என் அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். சமூக மன்றத்துப் பாட்டு வகுப்புக்கும் போகிறாள். கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை வாசிக்கும் செயலி ஒன்றை ஜாவாவில் எழுதினாள். திரையில் எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பது அவள் ஆசை. 60க்குப் பக்கத்தில் ச என்று போட்டிருந்தாள். பாட்டு ஆசிரியர் பார்த்துவிட்டு, "யாருடைய ச?" என்று கேட்டாராம். "மாமா, அவங்க கேக்குறது சரிதானே? எனக்கு ச அஞ்சு கட்டையில இருக்கு. சாருக்கு ஒண்ணுல இருக்கு" என்றாள்.

சரியான கேள்வி. நம் இசையில் சுரம் ஓர் உறவுப் பெயர். ஆதார சுருதி, அதாவது பாடகர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் அடிப்படை ஒலி, எங்கே இருக்கிறதோ அங்கே ச. அதை வைத்துத்தான் ரியும் கவும் மவும். மிடியில் 60 என்பது யார் பாடினாலும் 60. ஆகவே நோட் எண்ணைச் 'சுர எண்' என்று பெயர்த்தால் தவறான பொருள் வந்துவிடும். திரையைப் படிக்கிற பாடகர் குழம்புவார். இசைக்குறி என்றால் தாளில் எழுதுவது. தொனி என்றால் குரலின் தன்மை.

அப்புறம் அவள் வாயிலேயே விடை இருந்தது. அஞ்சு கட்டை.

ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிஸில் அலெக்சாந்த்ர் டெபேன் காப்புரிமை எடுத்தார். அந்தப் பெட்டி நம் நாட்டுக்கு வந்து, நாடக மேடை ஏறி, பஜனை மடத்துக்குள்ளும் போனது. அதன் சாவிகள் மரத்துண்டுகள், எனவே கட்டைகள். சி வெள்ளைக் கட்டையை ஒன்று என்று வைத்து எண்ணத் தொடங்கினார்கள். டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. எட்டுக் கட்டை என்றால் அடுத்த ஸ்தாயியின், அதாவது ஏழு சுரம் கொண்ட அடுத்த அடுக்கின், சி. உச்சக் குரலில் பாடுகிறவரை 'எட்டுக் கட்டையில் பாடுகிறார்' என்பது இதனால்தான். சிங்கப்பூரில் எந்தச் சபாவில் கச்சேரி நடந்தாலும் மிருதங்கக்காரர் முதலில் கேட்பது 'எத்தனை கட்டை?' என்றுதான். அதற்கேற்ற மிருதங்கத்தை எடுத்துச் சுருதி சேர்க்க வேண்டுமே.

மிடி எண்ணோடு இதைப் பொருத்திப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நடு ஸ்தாயியில் ஒரு கட்டை 60, ஒன்றரை 61, இரண்டு 62, இரண்டரை 63, மூன்று 64, நான்கு 65, நாலரை 66, ஐந்து 67, ஐந்தரை 68, ஆறு 69, ஆறரை 70, ஏழு 71. எட்டுக் கட்டை 72. இடையில் ஓட்டையே இல்லை. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட 440 அதிர்வு நம் கணக்கில் ஆறு கட்டை. அங்கிருந்து கறுப்பையும் சேர்த்து ஒவ்வொரு கட்டை ஏறும்போதும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்காகும். பன்னிரண்டு ஏறினால் இரண்டு மடங்கு.

ஆகவே நோட் எண்ணுக்குக் 'கட்டை எண்', நோட் ஆனுக்குக் 'கட்டை அழுத்து', நோட் ஆஃபுக்குக் 'கட்டை விடு'. மிடி செய்கிற வேலையும் சொல்கிற சொல்லும் ஒன்றாகிவிடும். சுரம் என்ற சொல் அதன் சரியான இடத்தில், ஆதாரக் கட்டையிலிருந்து எத்தனை படி என்பதற்கு, இருந்துகொள்ளும்.

இப்படிப் பிரித்ததும் நிரலும் சுத்தமாகிறது. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. அதன் படிகள் 0, 1, 4, 5, 7, 8, 11, 12. இந்த எட்டு எண்தான் சுரம். ஆதாரக் கட்டையோடு கூட்டினால் கட்டை எண் வந்துவிடும். ஒரு கட்டைக்கு 60, 61, 64, 65, 67, 68, 71, 72. பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்றால் கீழ் ஸ்தாயி ஜி, அதாவது 55 என்று ஆதாரத்தை வைத்தால் 55, 56, 59, 60, 62, 63, 66, 67. ஆசிரியருக்கும் மாணவிக்கும் ஒரே செயலி, ஆதாரக் கட்டை மட்டும் வேறு. 192, 20 என்று இரண்டே எண்ணில் வாத்தியத்தை மாற்றினால் ரீட் ஆர்கன் வரும். விண்டோஸ் ஒலிப்பானில் ஆர்மோனியத்துக்குக் கிட்டத்தில் இருப்பது அதுதான்.

கட்டை கொஞ்சம் நாட்டுப்புறமாகத் தொனிக்கிறதே, அறிவியல் சொல்லுக்கு ஏற்குமா என்று சிலர் கேட்கலாம். இந்த ஊரில் பெருவிரைவு ரயில், மசேநிதி (மத்திய சேமநிதி) என்று புதிதாகக் கட்டிய சொற்களையே நாம் நாக்குக்குப் பழக்கிக்கொண்டோம். பொருள் இருந்து பெயர் இல்லாத இடத்தில் அப்படிக் கட்டத்தான் வேண்டும். இங்கே பெயர் ஏற்கெனவே இருக்கிறது, வித்துவான்கள் பயன்படுத்துகிறார்கள். அதை ஒதுக்கிவிட்டு 'இசைச்சாவி இலக்கம்' போல ஒன்றைச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

மற்றச் சொற்கள் எளிது. செய்தியின் மூன்றாவது எண்ணான வெலாசிட்டிக்கு அழுத்த வேகம். சேனலைச் சேனல் என்றே விடலாம். தடம் என்று பெயர்த்தால் பாடல் பதிவில் சொல்லும் டிராக்கோடு கலந்துவிடும்.

ஒன்று மட்டும் யோசிக்க வேண்டியது, ஒலியை ஏற்றி இறக்கி வளைக்கும் 'பிட்ச் பெண்ட்'. நம் பாட்டில் சுரம் ஒரே கட்டையில் நிற்பதில்லை, அசையும். கமகம் என்ற இந்த அசைவு இல்லாமல் வாசித்தால் தோடி ராகம் தோடியாக இருக்காது. மிடியில் இதற்கு 0 முதல் 16383 வரை ஓர் எண் உண்டு, நடுநிலை 8192. வழக்கமாக மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி நகர்த்தலாம். ஒரு படி மேலே இழுக்க 12288. வீணையில் தந்தியை இழுத்து வாசிக்கிறோமே, அதே வேலை. ஆகவே நான் 'இழுப்பு' என்று எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை: இழுப்பு அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாக் கட்டைகளையும் சேர்த்தே இழுக்கும். சுருதிப் பெட்டியும் பாட்டும் ஒரே சேனலில் இருந்தால் ஆதார சுருதியும் கூடவே ஆடிவிடும். மொத்தம் 16 சேனல் இருக்கிறது, பத்தாவது தாள வாத்தியங்களுக்கு என்று ஒதுக்கியது. சுருதியை முதலிலும் பாட்டை இரண்டாவதிலும் வைத்தால் போதும்.