நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான்

எங்கள் பக்கம் விபத்துக் கதைகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும். செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும் சரி, மலையேறி ஆரியங்காவில் போய் மலையாளத்தில் கேட்டாலும் சரி, "நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டான்" என்பார்கள். சொல்கிறவர் அதை விதிக் கணக்கில் எழுதிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைப்பார். ஆனால் அவன் நல்லா பேசிக்கொண்டிருந்ததற்கு உடம்புக்குள் ஒரு காரணம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் போனதற்கும் கிட்டத்தட்ட அதே காரணம்தான்.

போன வருஷம் ஆனிச் சாரலில் அதை நேரில் பார்த்தேன். புளியரை எஸ் வளைவுக்குக் கொஞ்சம் மேலே, பாலருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு இறங்கி வந்த இரண்டு பையன்கள். ஓரமாக நின்றிருந்த காய்கறி லாரியின் பின்பக்கத்தில் பைக் போய்ச் செருகியது. ஒருத்தனுக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து, ரத்தம் மழைத்தண்ணீரோடு கலந்து ரோட்டில் ஓடியது. தண்ணீரில் கலந்தால் ஒரு டம்ளர் ரத்தம்கூடக் குடம் ரத்தம் மாதிரி தெரியும், அதைப் பார்த்ததும் டீக்கடையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஓடிப்போய் அவனைச் சுற்றி நின்றுகொண்டோம். இன்னொருத்தன் தானே எழுந்து, தானே நடந்து போய், ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, அவனப் பாருங்க" என்றான். அன்றைக்கு உயிருக்கு ஆபத்தில் இருந்தவன் இவன்தான்.

லாரி டிரைவர் ஒரு மலையாளி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இறங்கியதும் அவர் பையன்களிடம் வரவில்லை, கிளீனரை ஒரு சிவப்புத் துண்டோடு வளைவுக்கு மேலே ஓடச் சொன்னார். எனக்கு அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. பிறகு கணக்குப் போட்டால் புரிகிறது: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் வரும். டிரைவர் பார்த்து, பதறி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தாலும் பிரேக் பிடிப்பதற்கு முன்பே 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அதற்கப்புறம் ஈர ரோட்டில் சறுக்குவது தனி. வளைவுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிப் பயனில்லை. நம் ஊரில் மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போடுவார்களே, அதையும் வளைவுக்கு முன்னாலேயே போட வேண்டும்.

அப்புறம்தான் காலுக்கு வந்தார். டீக்கடையின் பார்சல் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து, காயத்தின் மேல் வைத்து, தன் உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" நடக்கிறபோது உள்ளே நடப்பது சாதாரண விஷயம் இல்லை.

ரத்தக்குழாய் கிழிந்த உடனே அதன் சுவரில் உள்ள தசை சுருங்கி வாயைக் குறுக்கப் பார்க்கும். கிழிந்த ஓரத்தில் கொலாஜன் என்கிற நார்ப்புரதம் வெளியே தெரிந்ததும், ரத்தத்தில் மிதந்து போகிற தட்டணுக்கள் அதில் ஒட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தற்காலிக அடைப்பைக் கட்டுகின்றன. நமக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் உண்டு, ஆளுக்குப் பஞ்சமில்லை. அதன் மேல் ஃபைப்ரின் என்ற நூல் பின்னி வலை போட்டால்தான் அடைப்பு இறுகும். சிக்கல் என்னவென்றால் குழாய் பெரிசாக இருந்தால் கட்டக் கட்ட ரத்த ஓட்டமே அடித்துக்கொண்டு போய்விடும். வாய்க்கால் உடைப்பெடுத்தால் தண்ணீர் பாய்கிறபோது மண்ணைக் கொட்டி என்ன பிரயோஜனம், மேலே மடையை அடைத்த பிறகுதான் உடைப்பில் போட்ட மண் நிற்கும். கை அழுத்தம் செய்வது அந்த மடை அடைக்கிற வேலை.

அதனால்தான் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும், இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. "நின்னுருச்சா பாப்போம்" என்று துணியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அரைகுறையாகக் கட்டிய வலை துணியோடு பிய்ந்து வந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காயத்தில் கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம். அதைச் சுற்றி அழுத்தலாம்.

காப்பித்தூளுக்கும் மஞ்சள்தூளுக்கும் வருகிறேன், ஏனென்றால் அன்றைக்கும் ஒரு பாட்டி கடைக்குள்ளிருந்து காப்பித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். விரல் வெட்டில் காப்பித்தூள் வைத்ததும் ரத்தம் நிற்பது உண்மைதான். அந்த அளவுக் காயம் ஒன்றும் வைக்காவிட்டாலும் சில நிமிஷத்தில் நின்றுவிடும். பெயர் தூளுக்குப் போய்விடுகிறது. பெரிய காயத்தில் தூள் போட்டால் அது நிற்கவும் நிற்காது, ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு துகளையும் கழுவி எடுக்கிற வேலைதான் மிச்சம், கிருமிக்கும் வழி.

அழுத்தியும் நிற்காமல் பீச்சி அடிக்கிறது, அதுவும் கையிலோ காலிலோ என்றால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் கட்டி, ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கயிறு, ஒயர் வேண்டாம், ஒல்லியாக இருப்பது நரம்பை அறுக்கும். இந்தக் கட்டுக்கு ரொம்ப நாள் கெட்ட பெயர். கட்டினால் காலே போய்விடும் என்று பாடத்திலேயே பயமுறுத்தினார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ராணுவ மருத்துவர்கள் பார்த்த அனுபவம் அந்த எண்ணத்தை மாற்றியது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் காலுக்குச் சேதம் அபூர்வம். ஆனால் கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும், கட்டியதை நாமாக அவிழ்க்கக் கூடாது. அன்றைக்கு அது தேவைப்படவில்லை, துண்டே போதுமானதாக இருந்தது.

இப்போது கட்டையில் உட்கார்ந்திருந்தவன். பைக் ஹாண்டில் அவன் இடது விலாவில் இடித்திருந்தது. வெளியே ஒரு சிராய்ப்பு மட்டும்.

நம் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம், 70 கிலோ ஆளுக்கு ஐந்து லிட்டர் பக்கம். ரத்ததான முகாமில் 350 மில்லி எடுத்துவிட்டு பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து அனுப்புகிறார்களே, ஒன்றும் ஆவதில்லை. முக்கால் லிட்டர் வரை போனாலும் வெளியே பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் போகும்போது கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் இருக்கிற அழுத்த உணரிகள் மூளைக்குச் சொல்ல, அட்ரினலின் பாய்ந்து, இதயம் வேகமாக அடித்து, தோலுக்கும் குடலுக்கும் போகிற குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. கை கால் சில்லிடும், முகம் வெளிறும். வீட்டில் பணமுடை வந்தால் மற்ற செலவையெல்லாம் இறுக்கிப் பிடித்துப் பிள்ளையின் பீஸை மட்டும் கட்டுகிற மாதிரி, மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் குறையாமல் போகும். மூளைக்கு ரத்தம் போகிறதல்லவா, அதனால் ஆள் நல்லாத்தான் பேசுவான்! சுமார் ஒன்றரை லிட்டர் போகிறவரைக்கும், படுத்திருப்பவனுக்கு ரத்த அழுத்தம்கூட கருவியில் சரியாகவே காட்டலாம். வாலிபப் பிள்ளைகளுக்குக் குழாய்கள் நன்றாக இறுகும் என்பதால் இந்தச் சமாளிப்பு இன்னும் நீளும், பிறகு சமாளிக்க முடியாத இடம் வந்ததும் படியில் இறங்குகிற மாதிரி இல்லாமல் மாடியிலிருந்து விழுகிற மாதிரி விழுந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூட வராமல் தொடை எலும்பு முறிவில் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தேங்கிவிட முடியும். வயிறும் இடுப்பும் அதைவிடப் பெரிய பாத்திரங்கள்.

அவன் இரண்டு தடவை தண்ணீர் கேட்டான். நான் பாட்டிலைத் திறந்துவிட்டேன். காலை அழுத்திக்கொண்டே சேட்டன் திரும்பி, "வெள்ளம் கொடுக்கல்லே!" என்று கத்தினார். வெள்ளம் என்றால் நமக்குக் குற்றாலத்தில் தடை போடுகிற சமாச்சாரம், அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர். எல்லையில் இருப்பதால் உடனே புரிந்தது, பாட்டிலை மூடினேன். ரத்தம் குறைகிறபோது உடம்பு நீரைச் சேமிக்கத் தொடங்கும், தாகம் அதில் ஒரு குறி. பாவம்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன் டேபிளில் மயக்க மருந்து கொடுக்க நேரலாம், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் அது இன்னொரு விபத்து. உதட்டை நனைத்துவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். சோடாவும் டீயும் அதே கணக்குதான்.

இன்னொன்று சொன்னான், அதை யாரும் காதில் வாங்கவில்லை: இடது தோள் வலிக்குது என்று. தோளில் அடியே இல்லை. இடது விலாவுக்குள் இருக்கிற மண்ணீரல் கிழிந்தால் ரத்தம் உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு, அடியில் போய்த் தேங்கி அதை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை குழம்பி, வலி தோளில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது அவனுக்கு இருந்தது அதுதான்.

சேட்டன் அவனைக் கட்டையிலிருந்து இறக்கிப் படுக்க வைக்கச் சொன்னார். உட்கார்ந்திருந்தால் குறைந்துபோன ரத்தத்தை இதயம் மேல்நோக்கித் தலைக்கு ஏற்ற வேண்டும். பிறகு லாரியில் இருந்த தார்ப்பாய்த் துண்டைக் கீழே போட்டு, ஈரச் சட்டையை வெட்டி எடுத்துவிட்டு, கடைக்காரர் போர்த்தித் தூங்குகிற பெட்ஷீட்டால் மூடினோம். இது ஆறுதலுக்காகச் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஃபைப்ரின் வலையைப் பின்னுகிற என்சைம்கள் எல்லாம் 37 டிகிரிக்குப் பழகியவை, உடம்பு 34 டிகிரிக்குக் கீழே போனால் வேலை மந்தமாகிவிடும், தட்டணுக்களும் சரியாக ஒட்டாது. குளிர்ந்த ரத்தம் உறையாது, உறையாத ரத்தம் இன்னும் ஒழுகும், ஒழுக ஒழுக உடம்பு இன்னும் குளிரும். சாரலில் நனைந்து, கணவாய்க் காற்றில் கிடப்பவனுக்குப் போர்வையும் மருந்துதான்.

தலையில் அடிபட்டவர்களின் "நல்லாத்தான் பேசினான்" கொஞ்சம் வேறு. பொட்டு எலும்புக்கு அடியில் ஓடுகிற தமனி கிழிந்தால், மயங்கியவன் தெளிந்து எழுந்து வண்டியைக்கூடத் தூக்கி நிறுத்துவான். அதற்குள் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டி மூளையை நசுக்கத் தொடங்கியிருக்கும். ஒரு தடவை நினைவு தப்பியிருந்தாலே ஆஸ்பத்திரிதான், வீடு கிடையாது. மூச்சு நன்றாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றும் அவசரம் வேண்டாம், கழுத்தெலும்பு எப்படியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மயங்கிக் குறட்டை மாதிரி மூச்சு வந்தால் மட்டும் கணக்கு மாறும்: நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது, தாடையின் இரு கோணத்தையும் பிடித்து முன்னால் தள்ள வேண்டும். வாந்தியோ ரத்தமோ வாயில் இருந்தால் தலை, கழுத்து, உடம்பு எல்லாம் ஒரே பலகை போல ஒருக்களிக்க வேண்டும். மூச்சு நின்ற மூளைக்கு நாலைந்து நிமிஷம்தான், அந்த இடத்தில் கழுத்தை நினைத்துத் தயங்க முடியாது. மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது அழுத்தம்.

போன் விஷயம் எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி. நாலு பேர் 108 அடித்தோம், ஒருத்தருக்கு மலையாளத்தில் எடுத்தார்கள், அவர் போன் கேரள டவரைப் பிடித்திருந்தது. அதனால் முதல் வார்த்தையே தமிழ்நாடா கேரளாவா, செக்போஸ்ட்டுக்கு மேலா கீழா என்பதாக இருக்கட்டும், எத்தனை பேர், நினைவு இருக்கிறதா என்பது அடுத்தது. போலீஸ், கோர்ட் பயத்தில் ஒதுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக அது வந்துவிட்டது. பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரம் இலவசம், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் அது. காசு யார் கட்டுவது என்று ரோட்டில் நின்று பேச வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ் வந்ததும் அதில் வந்த பெண் காலில் கட்டுப் போட்டவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே படுத்திருந்தவனிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் ஏதாவது கொடுத்தீர்களா என்றார், இல்லை என்றோம். எங்கே வலி என்று சொன்னான் என்றார், தோள் என்று யாரோ இப்போதுதான் ஞாபகம் வந்து சொன்னார்கள். எத்தனை மணிக்கு அடிபட்டது என்றார். எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது. டீ மாஸ்டர்தான் வடைச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார், "கொல்லம் பஸ் மேல ஏறுனதும் டமார்னு சத்தம். அஞ்சு நாப்பது." ஆம்புலன்ஸ் பெண் அதைத் தன் கையுறையின் மேலேயே எழுதிக்கொண்டார்.